மூன்றாம் வாசலில் திரும்பியவர்கள்

மலைக்கும் ஆற்றுக்கும் நடுவில், மேகம் வீட்டு வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் வேங்கைநாடு என்று ஒரு நாடு. முன்னொரு காலத்தில் அதை வெண்ணிலவராயன் ஆண்டுவந்தான். நல்ல ராஜாதான், ஆனால் நினைத்தது அந்த நிமிஷமே நடக்கவேண்டும். அவனுக்கு ஒரே பைத்தியம், ஊரார் கண்ட கனவுகளைக் கேட்பது.

அதற்கென்றே நந்தவனத்துக்குள் ஒரு மண்டபம் கட்டினான். அதற்கு நான்கு வாசல். முதல் வாசலில் பன்னீர் தெளிப்பார்கள். இரண்டாவதில் கால் கழுவத் தண்ணீர். மூன்றாவதில் அல்லியங்கோதை என்ற பெண் மாலையில் யாழ் மீட்டிப் பாடுவாள்; பாட்டு முடிந்த பிறகே உள்ளே விடுவார்கள். நான்காவதைத் தாண்டினால் ராஜா. கனவைச் சொன்னால் பட்டு.

அல்லியங்கோதை பாடினால் மரத்து இலைகூட அசைய யோசிக்கும். அப்படியிருந்தும் சில நாளாக ஒரு விசித்திரம். முதல் வாசலில் ஜேஜே என்று கூட்டம்; ராஜா முன்னால் வந்து நிற்பதோ பாதிப் பேர்.

"மீதிப் பேர் எங்கே?" என்று ராஜா கத்தினான்.

துறைநாயகம் கோப்பெருநம்பி முன்னால் வந்தார். தோணித்துறை முழுக்க அவர் அதிகாரம். தாமும் பெரிய பாடகர் என்று அவருக்கு ஒரு நினைப்பு. ஒருமுறை சபையில் பாடப்போய், ராஜா கொட்டாவி விட்டதை அவர் மறக்கவேயில்லை.

"மகாராஜா, நானே நின்று பார்த்தேன். திரும்புகிறவர்கள் அத்தனை பேரும் மூன்றாம் வாசலில்தான் திரும்புகிறார்கள். அந்தப் பெண் பாட்டு தாங்காமல் ஓடுகிறார்கள்."

"அப்படியா? நாடு கடத்துங்கள் அவளை!"

யாழ் நழுவிக் கீழே விழாமல் அல்லியங்கோதை பிடித்துக்கொண்டாள். அப்போது மந்திரி மாறன்காரி எழுந்தார். "பௌர்ணமி வரைக்கும் பொறுங்கள் மகாராஜா. போகிறவர்கள் யார் என்று பார்த்துவிட்டு, அப்புறம் கடத்தலாம்." ராஜா முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒத்துக்கொண்டான்.

மறுநாள் முதல் வாசலில் ஆண்களுக்குத் தும்பைப்பூ, பெண்களுக்குச் செவ்வந்தி கொடுக்கச் சொன்னார் மந்திரி. சாயங்காலம் பார்த்தால் மூன்றாம் வாசலில் தும்பையும் பாதி திரும்பியிருந்தது, செவ்வந்தியும் பாதி திரும்பியிருந்தது.

கோப்பெருநம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மந்திரியாரே, பூ வியாபாரம் எப்படி? ஆணும் ஓடுகிறான், பெண்ணும் ஓடுகிறாள். பாட்டு அப்படி!"

அல்லியங்கோதைக்கு அழுகை முட்டியது. என் குரலில்தான் ஏதோ குறையோ? மந்திரி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, திரும்பிப் போகிறவர்கள் எப்படிப் போகிறார்கள்?"

அவள் கண்ணை மூடி யோசித்தாள். மாலை வெயில், மகிழம்பூ வாசனை, கூட்டத்தில் மிதக்கும் முகங்கள். "வெறுத்துப் போகிறவர்களாகத் தெரியவில்லை ஐயா. பின்பக்கமாகவே நடந்து போகிறார்கள், பாட்டுக் கேட்கிறவரைக்கும் என்னைப் பார்த்தபடி. நடுநடுவே சூரியனைப் பார்க்கிறார்கள். அப்புறம் ஓட்டம்."

"சூரியனையா?" மந்திரி மெல்லச் சிரித்தார். "நான் கூட்டத்தைத் தப்பாகப் பிரித்துவிட்டேன்."

அடுத்த நாள் மலைப்பாதையில் வந்தவர்களுக்குக் காந்தள், தோணியில் வந்தவர்களுக்கு ஆம்பல். ராஜாவையும் கோப்பெருநம்பியையும் மூன்றாம் வாசல் ஓரம் உட்காரவைத்தார். அல்லியங்கோதை பாடத் தொடங்கினாள். பொன் வெயிலில் சிவப்பும் வெள்ளையும் கலந்து, நந்தவனமே தூக்கத்தில் நடப்பது போலிருந்தது. வெயில் சாய்ந்தது. ஆம்பல்கள் ஒன்றொன்றாகப் பின்வாங்கின. காந்தள்கள் அசையாமல் நின்று கேட்டன. பாட்டு முடிந்ததும் நான்காம் வாசலுக்குப் போயின.

ராஜா கண்ணைக் கசக்கிக்கொண்டான். "மலைக்காரன் ஒருவன்கூடத் திரும்பவில்லையே! ஆற்றங்கரைக்காரன் ஒருவன்கூட வரவில்லையே!"

"எல்லோரையும் ஒன்றாகப் பார்த்தபோது பாட்டுதான் குற்றவாளி மாதிரி இருந்தது, மகாராஜா. இரண்டு கூட்டமும் கேட்டது ஒரே பாட்டு" என்றார் மந்திரி.

"அப்படியானால் அவர்கள் ஏன் போகிறார்கள்?"

கையில் ஆம்பலோடு கடைசியாக அந்த வழியாக ஓடிய ஒரு பெண்ணை மந்திரி நிறுத்தினார். அவள் மூச்சு வாங்கினாள். "விடுங்கள் சாமி! கடைசித் தோணி கிளம்பப்போகுது. முன்னெல்லாம் விளக்கு வைத்த பிறகும் ஓடும். இப்போ வெயில் சாயும்போதே கட்டிவிடுகிறார்கள். துறைநாயகம் வீடு கரையிலேயே இருக்கு. தோணி கிளம்பும்போது ஊதுகிற சங்குச் சத்தத்தில் அவருக்குத் தூக்கம் கெடுதாம்!"

அங்கிருந்த எல்லோரும் கோப்பெருநம்பியைப் பார்த்தார்கள். அவர் தம் சால்வை நுனியை ரொம்ப அக்கறையாக மடித்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு விளக்கு வைத்த பிறகு கடைசித் தோணி கிளம்பட்டும். பாட்டு மட்டும் மாறவேண்டாம்" என்றார் மந்திரி.

மறுநாள் அதே பாட்டு. ஆம்பல் ஒன்றுகூடத் திரும்பவில்லை.

ராஜா அல்லியங்கோதை முன்னால் வந்து நின்றான். "உன்னை அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?"

"ஆற்றங்கரைக்காரர்கள் அப்போதும் ஓடியிருப்பார்கள், மகாராஜா. நான் மட்டும் இங்கே இருந்திருக்க மாட்டேன்."

ராஜா தலை குனிந்தான். தன் முத்துமாலையைக் கழற்றி அவள் யாழின் மேல் வைத்தான். மந்திரிக்குப் பட்டாடை போர்த்தினான். பிறகு திரும்பினான். "கோப்பெருநம்பி, இனிமேல் தினமும் கடைசித் தோணிக்கு நீர்தான் சங்கு ஊதவேண்டும். பாடகர் அல்லவா, மூச்சு நிறைய இருக்கும்!" கோப்பெருநம்பி சங்கை வாங்கிக்கொண்டு துறைக்கு நடந்தார்.

தோணியில் வந்த அந்தப் பெண்தான் அன்று முதலில் ராஜா முன்னால் உட்கார்ந்தாள். "கனவிலே ஆறு கரையை விட்டு எழுந்து ஊருக்குள் நடந்து வந்தது மகாராஜா. யாரையும் இடிக்கவில்லை. கோட்டைக் கதவைத் தட்டி, படியேறி, மெதுவாக, மெதுவாக இந்த மண்டபத்துக்குள்..."

வாசலில் இருந்தபடி அல்லியங்கோதை எட்டிப் பார்த்தாள். வேங்கைநாட்டு ராஜா, நனைந்துவிடாமல், இரண்டு காலையும் சிம்மாசனத்தின் மேலே தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.