ஆளுக்குப் பாதிக் கரடி

மலையடிவாரக் காடு ஒன்றில் ஒரு பெரிய நாவல் மரம் இருந்தது. அதன் பொந்தில் பாம்பும் இல்லை, பழமும் இல்லை. புத்தகங்கள் இருந்தன!

காட்டோர பங்களாவில் முன்பு ஓர் அதிகாரி குடியிருந்தார். மாற்றலாகிப் போகும்போது சட்டி பானை வரைக்கும் எடுத்துக்கொண்டவர், புத்தகங்களை மட்டும் விட்டுவிட்டுப் போனார். மனிதர்கள் அப்படித்தான். கூரை ஒழுகத் தொடங்கியதும் ஊசிமூக்கி என்ற தையல்சிட்டுதான் விலங்குகளை விரட்டி விரட்டி, அந்தப் புத்தகங்களை எல்லாம் பொந்துக்குக் கொண்டுவரச் செய்தாள். இலையோடு இலை சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் பறவை அவள். கட்டு விட்டுப்போன புத்தகங்களையும் அப்படியே தைத்து வைத்தாள். ஆள் கட்டைவிரல் அளவு. அதட்டல் யானை அளவு.

ஒவ்வொரு தை முதல் நாளிலும் அவள் ஒரு போட்டி வைப்பாள். ஒரு குடும்பத்திலிருந்து இருவர் வரவேண்டும். இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு தடித்த புத்தகம். மார்கழி முடிவதற்குள் இருவருமே அதை முழுதாகப் படித்து, எல்லோர் முன்னிலையிலும் கதையைச் சொல்லவேண்டும். நன்றாகச் சொல்லும் குடும்பத்துக்கு ஆற்றங்கரைப் பலாவில் பழுக்கும் முதல் பழம்!

அந்த வருஷம் தாண்டவன் என்ற குரங்கும் அவருடைய மாப்பிள்ளை கிளுவனும் போட்டியில் சேர்ந்தார்கள்.

குரங்கு வழக்கத்தில் பெண் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் வருவான். கிளுவன் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவன். நல்ல பையன். மாமனாரும் நல்லவர். ஆனால் இருவருக்கும் பேசுவதற்கு ஒன்றுமே கிடைக்காது.

"சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?"

"ஆச்சு மாமா. நீங்க?"

"ஆச்சு."

அவ்வளவுதான். பிறகு ஆளுக்கொரு கிளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தாண்டவனின் மகள் இலந்தைக்கு இதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அவள்தான் இருவரையும் போட்டிக்குத் தள்ளிவிட்டாள்.

"ரெண்டு பேரும் ஒரே புத்தகத்தைப் படிச்சா, பேசறதுக்கு ஏதாவது கிடைக்கும்ல!" என்றாள்.

கிடைத்தது. என்ன கிடைத்தது என்று கேளுங்கள்.

அவர்களுக்கு வந்தது ஒரு கரடியின் கதை. இருவரும் ஒரே கிளையில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினார்கள். தாண்டவன் உதட்டை அசைத்து, எழுத்துக் கூட்டி, மெதுவாகப் படிப்பவர். கிளுவன் கண்ணால் மேய்ந்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பக் காத்திருப்பவன்.

"ஆச்சா மாமா?"

"பொறுங்க மாப்பிள்ளை. இப்பதான் கரடி மரத்துல ஏறுது."

"அது இறங்கிப் போயே ரொம்ப நேரமாச்சு மாமா!"

முறை வைத்துப் படித்துப் பார்த்தார்கள். மாமனார் முறை வந்தால் மாப்பிள்ளைக்குக் கொட்டாவி. மாப்பிள்ளை முறை முடிந்தால் மாமனாருக்கு விட்ட இடம் மறந்துபோகும். இப்படியே பங்குனியும் போய்விட்டது. கதையில் முதல் தேன்கூடு வரைக்கும்கூட அவர்கள் போய்ச் சேரவில்லை.

"இந்த லட்சணத்துல போனா பலாப்பழம் இல்ல, பலாக்கொட்டைகூடக் கிடைக்காது மாமா!" என்றான் கிளுவன். "ஒரு யோசனை. ஆளுக்குப் பாதியா எடுத்துக்குவோம். முன்பாதி உங்களுக்கு, பின்பாதி எனக்கு. முடிச்சதும் மாத்திக்குவோம்."

"அட! மாப்பிள்ளைன்னா மாப்பிள்ளைதான்!" என்று மெச்சினார் தாண்டவன்.

குரங்கு கையில் பூமாலை என்பார்கள். புத்தகம் கிடைத்தால் சொல்லவா வேண்டும்! ஒரு பக்க அட்டையை மாமனார் பிடித்தார். மறு பக்க அட்டையை மாப்பிள்ளை பிடித்தான். ஒரே இழுப்பு. சர்ர்ரென்று புத்தகம் இரண்டாகிவிட்டது.

நடுவில் இருந்த ஒரு தாள் மட்டும் நெடுக்காகக் கிழிந்தது. ஒவ்வொரு வரியின் தொடக்கமும் மாமனார் பாதியில் ஒட்டிக்கொண்டிருந்தது. வரிகளின் முடிவெல்லாம் மாப்பிள்ளை கையோடு வந்துவிட்டது.

"ஐயய்யோ, ஒரு தாள் போச்சே!" என்றார் தாண்டவன்.

"இத்தனை தாள் இருக்கு. ஒண்ணு போனா கரடி கோவிச்சுக்குமா மாமா?" என்று சிரித்தான் கிளுவன். அந்தக் கிழிசலைத் தன் பாதிக்குள் அடையாளத்துக்குச் செருகி வைத்துக்கொண்டான்.

அதன் பிறகு சந்தோஷமான நாட்கள். ஒரே கிளையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாதியை மடியில் வைத்துக்கொண்டு, பழத்தைக் கடித்தபடி படித்தார்கள். ஆடிக்காற்று வீசத் தொடங்கியபோது இருவரும் முடித்துவிட்டார்கள். இலந்தையும் அப்போது உண்டாகியிருந்தாள். வீட்டில் ஒரே குதூகலம்.

"அந்தக் கரடி இருக்கானே, சரியான திருட்டுப்பய!" என்றார் தாண்டவன், பேச்சைத் தொடங்கும் ஆசையில்.

"கரடியா? அவன் தங்கமாச்சே மாமா!"

"தங்கமா? தேன்கூட்டை எல்லாம் பிச்சுப் போட்டவன்! அந்த நரிதான் பாவம். அடிபட்ட மானுக்கு மருந்துத் தழை கொண்டுவந்து குடுத்தான்."

"நரியா? வேடனுக்கு வழி காட்டினவன் மாமா அவன்! கரடிதான் குறுக்கே நின்னு தோள்ல அம்பு வாங்கினான்!"

"நீங்க சரியாப் படிக்கல மாப்பிள்ளை."

"நானா? உதட்டை அசைக்காம ஒரு வரி படிக்கத் தெரியாதவங்க இதைச் சொல்றீங்களா?"

சொல்லியிருக்கக் கூடாது. வாயை விட்டுப் போன வார்த்தையும் வில்லை விட்டுப் போன அம்பும் திரும்பி வருமா? தாண்டவன் முகம் சிவந்து, பழத்தைக் கீழே போட்டுவிட்டு வேறு கிளைக்குத் தாவினார்.

பாதியை மாற்றிக்கொண்டிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால், "திருட்டுக் கரடியைப் புகழ்ற பாதி எனக்கு எதுக்கு?" என்றார் மாமனார். "வஞ்சக நரியைப் புகழ்ற பாதியை நான் தொடவே மாட்டேன்!" என்றான் மாப்பிள்ளை. இரண்டு பேரும் பெரிய படிப்பாளிகள் அல்லவா!

ஆவணி வந்தது, ஐப்பசி மழை வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. எல்லாம் இலந்தை வழியாகத்தான் நடந்தது.

"மழை வருது, உள்ளே வரச் சொல்லு உங்கப்பாவை."

"நரியைத் திட்டுறவரோட ஒரே பொந்துல இருக்க மாட்டேன்னு சொல்லு உன் வீட்டுக்காரர்கிட்ட."

பாவம், கனத்த வயிற்றோடு அவள் நடுக்கிளையில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து வலியில் தவித்தாள்.

மார்கழியில் ஒரு நாள் கிளுவன், "தை பிறந்ததும் நான் எங்க மலைக்கே போறேன்," என்றான்.

இலந்தை திடுக்கிட்டாள். "தையிலதானே குழந்தை பிறக்கும்?"

"பிறந்ததும் சொல்லி அனுப்பு."

"என்னங்க, புத்தகத்துல இருக்கிற கரடிக்காக நிஜத்துல இருக்கிற என்னை விட்டுட்டுப் போறீங்களா?" என்று அவள் அழுதாள். தந்தையிடம் ஓடினாள். "அப்பா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா நின்னுடுவாரு. சொல்லுங்கப்பா!"

"போறவரை நான் எதுக்குத் தடுக்கணும்?" என்று தாண்டவன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உண்மையைச் சொன்னால் அவருக்கு மாப்பிள்ளை மேல் கொள்ளைப் பிரியம். அன்று அவருக்குப் பழம் இறங்கவில்லை. கிளுவனும் பட்டினிதான். ஆனால் வீம்பு என்று ஒன்று இருக்கிறதே, அது வயிற்றுப் பசியைவிடப் பெரிய பசி.

மார்கழி கடைசி நாள். நாவல் மரத்தடியில் காடே கூடியிருந்தது. முள்ளம்பன்றித் தாயும் மகளும் தங்கள் கதையை மாற்றி மாற்றி அழகாகச் சொல்லி முடித்தார்கள். அடுத்து மேற்கிலிருந்து மாமனார் வந்தார். கிழக்கிலிருந்து மாப்பிள்ளை வந்தான். ஆளுக்கொரு பாதி அக்குளில். பின்னால் இலந்தை மெல்ல நடந்து வந்தாள்.

ஊசிமூக்கி பார்த்தாள்.

"அடப்பாவிகளா! புத்தகத்தைக் குடுத்தா பிச்சு வச்சிருக்கீங்களே!" என்று கத்தினாள். "சரி, சொல்லுங்க. என்னதான் படிச்சீங்கன்னு பார்ப்போம்!"

தாண்டவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார். கரடி கூட்டைப் பிய்த்தது, நரி மானுக்கு உதவியது, எல்லாம் சொன்னார். "கடைசியா கரடி குழியில விழுந்துச்சு. அவ்வளவுதான்!"

"அப்புறம்?" என்று கேட்டது ஒரு முயல்.

"அப்புறம் என்ன அப்புறம்? செத்திருக்கும்!"

"சாகல!" என்று பாய்ந்தான் கிளுவன். "என் முதல் பக்கத்துலேயே அது தேனீக்களுக்குக் காவல் நிக்குது. ஆமா, குழியா? எந்தக் குழி?"

"கூட்டைப் பிச்ச கரடி எப்படிக் காவல்காரன் ஆச்சு?" என்று முயல் மறுபடியும் கேட்டது.

மாமனார் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை தரையைப் பார்த்தான். இருவருக்கும் தெரியவில்லை.

"நடுவுல இருந்த தாள் எங்கே?" என்றாள் ஊசிமூக்கி.

கிளுவன் தலையைச் சொறிந்தபடி அடையாளத்துக்கு வைத்திருந்த கிழிசலை உருவி எடுத்தான். ஊசிமூக்கி இலவம்பஞ்சில் நூல் திரித்து அலகில் கோத்துக்கொண்டாள்.

"தைக்கணும்னா ரெண்டு ஓரமும் சேரணும். பக்கத்துல வந்து உட்காருங்க. இன்னும் பக்கத்துல! மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் பிடிச்சா கோணிக்கும். வரி நேரா வருதான்னு ஆளுக்கொரு பாதி படிச்சுக் காட்டுங்க!"

ஆடிக்குப் பிறகு அன்றுதான் இருவர் தோளும் உரசின.

"குழியில் விழுந்த கரடி..." என்று எழுத்துக் கூட்டினார் தாண்டவன்.

"...ஓவென்று அழுதது," என்று முடித்தான் கிளுவன்.

"மேலிருந்து எட்டிப்பார்த்த நரி..."

"...'இனித் தேனெல்லாம் எனக்கே' என்று சிரித்துவிட்டுப் போனது."

தாண்டவன் அந்த வரியை இன்னொரு முறை எழுத்துக் கூட்டிப் பார்த்தார். அவருடைய நரியா! பிறகுதான் அடுத்த வரிக்கு வந்தார்.

"கரடி பிய்த்தெறிந்த கூட்டின் தேனீக்கள்..."

இப்போது கிளுவன் தாளில் மூக்கு படக் குனிந்தான். பிய்த்தெறிந்ததா? அவனுடைய கரடியா!

"படிங்க மாப்பிள்ளை," என்றார் தாண்டவன் மெல்ல.

அந்தக் குரலைக் கேட்டதும் கிளுவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் படித்தான். "...குழியைச் சுற்றிக் கூட்டமாய் இரைந்தன. சத்தம் கேட்டு யானை வந்தது."

"'உங்கள் கூட்டைக் கலைத்தவனையா..."

"...காப்பாற்றச் சொல்கிறீர்கள்?' என்று கேட்டது."

"ராணித் தேனீ சொன்னது: 'முதலில் அவன்..."

"...வெளியே வரட்டும். சண்டையை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.'"

இருவரும் தாளை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஊசிமூக்கி கடைசி முடிச்சைப் போட்டாள்.

"அம்மா!" என்று பின்னால் ஒரு குரல். இலந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு மரத்தில் சாய்ந்திருந்தாள். வலியிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"அப்பா! என்னங்க! உள்ளே இருக்கிறதும் அதையேதான் சொல்லுது. முதல்ல நான் வெளியே வந்துடறேன், சண்டையை அப்புறம் போட்டுக்குங்க!"

மாமனார் ஒரு தோள் கொடுத்தார். மாப்பிள்ளை ஒரு தோள் கொடுத்தான். தைப் பொழுது விடிந்தபோது இலந்தையின் மார்பில் சுருக்கம் விழுந்த முகத்தோடு ஒரு குட்டி தொங்கிக்கொண்டிருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் போகும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. தாண்டவன் எடுக்க விடவுமில்லை.

"நான் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது மாமா," என்றான் கிளுவன்.

"உதடு அசையத்தான் செய்யுது, என்ன பண்றது!" என்று சிரித்தார் தாண்டவன்.

பலாப்பழம் முள்ளம்பன்றி வீட்டுக்குத்தான் போனது. நியாயம்தானே? ஆனாலும் குட்டி பிறந்த வீடு என்று அவர்கள் நாலு சுளை கொடுத்தனுப்பினார்கள். ஊசிமூக்கியோ, "இந்த வருஷமும் உங்களுக்கு அதே புத்தகம்தான். ஒழுங்கா முதல்லேர்ந்து படிங்க!" என்று தைத்த கரடியைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

இப்போது கிளுவன் உரக்கப் படிக்கிறான். தாண்டவன் உதட்டை அசைத்துக்கொண்டே பின்தொடர்கிறார். "பொறுங்க மாப்பிள்ளை" என்றால் அவன் பொறுக்கிறான். நரி கடைசியில் திருந்தியதா இல்லையா என்று இன்னமும் வாக்குவாதம் உண்டு. ஆனால் அது ஒரே கிளையில் உட்கார்ந்து போடும் வாக்குவாதம். சில சமயம் குட்டி எட்டி வந்து தாளின் ஓரத்தைப் பிடித்து இழுக்கும்.

"ஏய்! கிழிச்சுடாதே!" என்று மாமனாரும் மாப்பிள்ளையும் ஒரே குரலில் அலறுவார்கள்.

பாதியை மட்டும் தெரிந்துகொண்டு சண்டைக்கு நிற்காதீர்கள். மீதிப் பாதி உங்கள் எதிரே நிற்பவர் கையில் இருக்கலாம்.