காணாமல் போன கல்யாணப் பத்திரிகை

கூர்மதிநல்லூர்க்காரர்கள் எதையும் யோசிக்காமல் செய்ய மாட்டார்கள். ஊருக்கு வந்த கேடெல்லாம் அந்த யோசனையால் வந்ததுதான்.

அவ்வூர்க் குஞ்சிதபாதத்துக்குக் கல்யாணம் நிச்சயமானது. காகிதப் பத்திரிகை தொலைந்துபோகும் என்று தாய்மாமன் வைரக்கண்ணு தீர்மானித்து, அதை இணையத்தில் ஒரு பக்கமாகப் போடச் செய்தார். அங்கே பத்திரமாக இருக்கிறது என்ற தைரியத்தில் நாளையும் மண்டபத்தையும் எல்லாரும் நிம்மதியாக மறந்தார்கள்.

ஒரு புதன்கிழமை குஞ்சிதபாதம் கணினியைத் திறந்தான். ‘நீங்கள் தேடும் பக்கம் இங்கே இல்லை. இடம் மாறியிருக்கலாம். சிறிது நேரம் கழித்து முயலவும்’ என்றது திரை. மணப்பெண் மரகதத்தை அவன் ஒரே முறைதான் பார்த்திருந்தான். சிரித்தால் இடக் கன்னத்தில் விழும் குழியை மட்டும் மறக்கவில்லை.

“பொண்ணு வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டா என்ன மாமா?”

“நல்லா இருக்குடா! என் கல்யாணம் என்னைக்குன்னு மாப்பிள்ளையே கேப்பானா? அப்புறம் நம்மள எவன் மதிப்பான்?”

“சிறிது நேரம் கழிச்சுன்னு போட்டிருக்கே, எவ்வளவு நேரம்?” என்றான் கூட்டாளி பக்கிரி.

“சோறு வேகிற நேரம்.”

“எந்த அரிசி மாமா?”

இதைத் தீர்ப்பதில் அரை நாள் போயிற்று.

பிறகு தபால்காரரிடம் போனார்கள். குடி மாறுகிறவர்கள் புது விலாசத்தை அவரிடம் சொல்லாமலா போவார்கள்? அப்படி எந்தப் பக்கமும் தம்மிடம் சொல்லிக்கொள்ளவில்லை என்று அவர் சத்தியம் செய்தார். அவரும் அதே ஊர்க்காரர்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்கள்.

“அடையாளம் சொல்லு” என்றார் ஏட்டு.

“ரோஸ் நிறம். ரெண்டு ஓரத்துலயும் வாழைமரம். உச்சியில பிள்ளையார்.”

“கடைசியா யாரு பார்த்தது?”

“நானூத்திப் பன்னிரண்டு பேர் பார்த்திருக்காங்கய்யா. கீழே எண்ணிக்கை ஓடிச்சு.”

“அத்தனை பேர் மேலயும் சந்தேகம்” என்று எழுதிக்கொண்டார் ஏட்டு.

மறுநாள் நூலகர்தான் வழி சொன்னார்: மறைந்துபோன பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேர்த்துவைக்கும் இடம் ஒன்று இணையத்தில் உண்டு, அங்கே பழைய முகவரியைக் கொடுத்தால் போதும். கொடுத்தார்கள். ரோஸ் நிறத்தில், வாழைமரத்தோடு பத்திரிகை வந்து நின்றது.

முகூர்த்தம்: போன ஞாயிற்றுக்கிழமை.

ஜோசியர் பிற்பாடு நாளை மாற்றியதும், அதனாலேயே பத்திரிகையைப் புது முகவரியில் போட்டதும் இவர்களுக்கே மறந்துவிட்டது; பழைய பிரதிக்கு எப்படித் தெரியும்?

“மாமா, எனக்குக் கல்யாணம் முடிஞ்சிருச்சு.”

“எழுத்துல இருக்கேடா. நல்லா இரு!” வைரக்கண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டு விபூதி பூசினார்.

“பந்தியில என்ன போட்டாங்களோ” என்று வருந்தினான் பக்கிரி.

“அப்ப மரகதம் எங்கே?”

“மறுவீட்டுக்குப் போயிருப்பா.”

வெள்ளிக்கிழமை பெண்ணின் அப்பா போனில் அலறினார். “விடிஞ்சா முகூர்த்தம்! மாப்பிள்ளையை இன்னும் மண்டபத்துல காணோமே?”

வைரக்கண்ணுவுக்கு மீசை துடித்தது. “எங்க பிள்ளையை யாருன்னு நினைச்சீங்க? கட்டினவ இருக்கும்போது இன்னொருத்திக்குத் தாலி கட்ட மாட்டான்!”

“கட்டினவளா? யாருய்யா அவ?”

குஞ்சிதபாதம் போனைப் பிடுங்கினான்.

“உங்க மகதாங்க! கல்யாணமாகி அஞ்சு நாளாச்சு, முதல்ல அவளை அனுப்பி வைங்க. அவ சம்மதிச்சா, இந்த ரெண்டாங் கல்யாணத்தைப் பத்தி யோசிக்கிறேன்.”