அடங்காத தொண்டை

ஒரு காட்டில், குழந்தைகளே, சாம்பாத்தி என்றொரு பூனை இருந்தது. எந்தக் காடு என்று கேட்கிறீர்களா? வித்தகன் என்கிற நரி எல்லாம் தெரிந்ததுபோல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்ததே, அந்தக் காடுதான்.

எந்தப் பிராணி வாயைத் திறந்தாலும் வித்தகன் அர்த்தம் சொல்லிவிடும். "தவளை கத்துகிறதா? மழை வரும். காகம் கரைகிறதா? விருந்தாளி வரும். பூனை குர்ரென்கிறதா? சந்தோஷமாக இருக்கிறது!" கேட்டாலும் சொல்லும், கேட்காவிட்டாலும் சொல்லும்.

சாம்பாத்திக்கு ஒரு மரப் பொந்தில் மூன்று குட்டிகள். ஒருநாள் காலை இரை தேடப் போன இடத்தில் அதன் காலில் முள் குத்திவிட்டது. நொண்டி நொண்டித் திரும்பி வரும்போது, வித்தகன் பாய்ந்து வந்து முன்னங்கால்களால் அதைத் தரையோடு அமுக்கிவிட்டது.

'ஐயோ, குட்டிகள் பசியோடு இருக்குமே!' சாம்பாத்திக்கு உயிரே போய்விட்டது. அந்த நேரம் பார்த்துத் தொண்டை தானாகத் தொடங்கியது: "குர்... குர்... குர்..."

பூனைக்கு மனம் குளிர்ந்தாலும் அந்தச் சத்தம் வரும். வலி பொறுக்காவிட்டாலும், பயம் மிஞ்சினாலும் வரும். 'பாழாய்ப்போன தொண்டையே! உனக்கு நேரம் காலமே கிடையாதா?' என்று சாம்பாத்தி நொந்துகொண்டது.

கடிக்கப் போன நரி வாயை மூடிக்கொண்டது. "ஏய், என்ன சத்தம் அது?"

"பயம் ஐயா. பயந்தாலும் எங்களுக்கு இப்படித்தான் வரும்."

"யார் காதில் பூ சுற்றுகிறாய்? பூனை குர்ரென்றால் சந்தோஷம். காட்டுக்கே சொல்லிக்கொடுத்தவன் நான்!"

"சத்தியமாகப் பயம்தான் ஐயா. மீசைகூட நடுங்குகிறது, பாருங்கள்."

"அதுவும் சந்தோஷத்தில்தான் நடுங்குகிறது!" என்றது நரி. "என் கையில் அகப்பட்டவளுக்கு அப்படி என்ன சந்தோஷம்? அதைச் சொல் முதலில்."

சாம்பாத்தி கெஞ்சிப் பார்த்தது, அழுது பார்த்தது. உண்மை அந்தக் காதுக்குள் நுழையவே இல்லை. பயம் கூடக்கூடச் சத்தமும் கூடியது. சத்தம் கூடக்கூட நரிக்குச் சந்தேகமும் கூடியது. "யாராவது ஒளிந்திருக்கிறார்களா?" என்று அக்கம்பக்கம் பார்த்தது. பார்த்தபோது அதன் பிடி கொஞ்சம் தளர்ந்தது.

'ஓகோ, அப்படியா சங்கதி!' என்று நினைத்தது பூனை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்களிடம் மறைக்க முடியுமா ஐயா? கண்டுபிடித்துவிட்டீர்களே!" என்றது.

"பின்னே? நான் யார்!" என்ற நரி, "ஆமாம், என்ன கண்டுபிடித்தேன்?" என்று கேட்டது.

"என் பெரியம்மா சிறுத்தை நம் தலைக்கு மேலே கிளையில்தான் இருக்கிறாள். 'நொண்டுவதுபோல் நடி, நரி வரும். தின்றது போக மிச்சம் உனக்கு' என்றாள். அந்த மிச்சத்தை நினைத்தேன், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குர்... குர்..."

"அதுதானே பார்த்தேன்! நான் சொன்னால் சொன்னதுதான்!" என்று கத்தியது நரி. அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. ஒரே பாய்ச்சலில் பக்கத்திலிருந்த சப்பாத்திக்கள்ளிப் புதருக்குள் போய் விழுந்தது; விழுந்ததும், "ஐயோ அம்மா!" என்று அலறிக்கொண்டு எழுந்து ஓடியது. கிளையில் ஓர் அணில் மட்டும் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தது.

சாம்பாத்தி விழுந்தடித்துக்கொண்டு பொந்துக்கு வந்து சேர்ந்தது. மூன்று குட்டிகளும் வயிற்றோடு ஒட்டிக்கொண்டன. தொண்டை இன்னும் அடங்கவில்லை.

"அம்மா, உனக்கு ரொம்பச் சந்தோஷமா?" என்று கேட்டது கடைக்குட்டி.

"இப்போதுதான் சந்தோஷம் செல்லம்" என்று அதை நக்கிக்கொடுத்தது சாம்பாத்தி.

அந்த நேரம் தூரத்தில் வித்தகனின் குரல் கேட்டது. முதுகெல்லாம் முள்ளும் காலி வயிறுமாக நின்று, அது முயல்களிடம் அளந்துகொண்டிருந்தது: "பூனை குர்ரென்றால் சந்தோஷம்! அது மட்டும் எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால், இன்றைக்கு என் கதை முடிந்திருக்கும்!"

நீதி: எல்லாம் தனக்குத் தெரியும் என்று இருப்பவன், பிறர் உண்மையைச் சொன்னால் நம்பமாட்டான்; அவன் சொன்னதே சரி என்று பொய் சொன்னால் உடனே நம்பிவிடுவான்.