கடல் கொண்டுபோன கதவு

கடற்கரை ஊர் ஒன்றில், தபால் ஆபீசில் வேலை பார்த்தாள் கோமளவல்லி. கணவன் இல்லை, மகள் நிவேதா மட்டும்தான் இருந்தாள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு புயலில், அவள் வேலையில் இருந்த நேரம், கடல் ஊருக்குள் ஏறியது. பச்சைச் சாயம் பூசி, பித்தளைத் தாமரை பதித்த வீட்டின் தேக்கு வாசல்கதவைப் பெயர்த்துக்கொண்டு போயிற்று. அப்போது ஏழு வயதான நிவேதாவும் போனாள். உடல் கிடைக்கவில்லை.

இடிந்த வீட்டைக் கோமளவல்லி சிறுகச் சிறுக எடுத்துக் கட்டினாள். வாசலுக்கு மட்டும் புதுக்கதவு போட மறுத்து, தகரத்தை வைத்து மறைத்திருந்தாள். "எங்கேயோ வளர்ந்துக்கிட்டிருக்கா. தெருவே மாறிப்போச்சு. அந்தப் பச்சைக் கதவுதான் அவளுக்கு அடையாளம்" என்பாள். மறுத்துப் பேச யாருக்கும் மனம் வரவில்லை.

வேலைக்கு வந்த தச்சர், பித்தளைத் தாமரை பதித்த கதவொன்றை மீனவர் குப்பத்தில் பார்த்ததாகச் சொன்னார். அன்றே போனாள். அது காத்தமுத்துவின் வீடு. நீலச் சாயத்தைச் சுரண்டினால் அடியில் பச்சை தெரிந்தது. "என் பொண்ணு நிவேதா வந்தா இதைத்தான் தேடுவா" என்றாள் கோமளவல்லி.

காத்தமுத்துவின் முகம் வெளுத்தது. புயலன்று அந்தக் கதவைப் பற்றி மிதந்துதான் அவன் கரை சேர்ந்தான். மறுமுனையில் ஒரு சிறுமி இருந்தாள். பேர் கேட்டான், நிவேதா என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டான். ஒரு பேரலை வந்து மூடியது. அதற்குப் பின் அவள் இல்லை. இது அவனுக்கும் மனைவி வேம்புக்கும் மட்டுமே தெரியும்.

"எடுத்துக்குங்கம்மா" என்று மட்டும் சொன்னான். தானே கழற்றிச் சுமந்துபோய், தச்சரோடு நின்று பொருத்தியும் கொடுத்தான்.

அன்றிரவு வீட்டில், "சொல்லிடுங்க" என்றாள் வேம்பு. "இன்னும் எத்தனை வருசம் அந்தம்மா வாசலைப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க?"

"அந்த நெனப்புலதான் உசுரோட இருக்காங்க. அதையும் நான் பிடுங்கணுமா?"

மறுநாள் வேம்பு தனியாகப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கோமளவல்லி, "கையை விட்டது அவளா, உன் புருஷனா?" என்று கேட்டாள். வேம்பு வீடு திரும்பி அந்தக் கேள்வியைக் கணவனிடம் சொன்னாள்.

கதவைக் கொடுத்துவிட்டு உண்மையை வைத்துக்கொண்டான் கணவன். உண்மையைச் சொல்லி ஒரு தாயின் காத்திருப்பை முறித்தாள் மனைவி. இவர்களில் யார் செய்தது சரி?

விடை: வேம்பு செய்ததே சரி. மகளைப் பற்றிய செய்தி தாய்க்கு உரியது; இரக்கத்தின் பேரிலும் அதைப் பிறர் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் சொல்லியிருக்க வேண்டியவன் காத்தமுத்து. அன்று மாலை அவனே கோமளவல்லியின் வாசலில் வந்து நின்றான். கோமளவல்லி அதே கேள்வியைக் கேட்டாள். "தெரியலம்மா. நானும் இத்தனை வருசமா அதைத்தான் யோசிக்கிறேன்" என்றான். உள்ளே வா என்று சொல்லவும் அவளால் முடியவில்லை. போ என்று சொல்லவும் முடியவில்லை.