வெள்ளத்தில் தப்பிய பெயர்

ஏரிக்குள் வீடு கட்டிக்கொண்ட ஊர் ஒன்று இருந்தது. ஒரு கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. ஏரி தன் பழைய இடத்தைத் தேடிக்கொண்டு ஊருக்குள் வந்தது.

அந்த ஊரில் கன்னியம்மன் தெருவில் மரகதம் என்று ஒருத்தி இருந்தாள். நாலு வீடுகளில் பாத்திரம் தேய்த்துப் பிழைப்பவள். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டு ஒற்றை அறையில் தனியாக இருந்தாள். அந்த அறையில் ஒரு கட்டில், ஒரு ஸ்டூல், ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் வாளி, சில பாத்திரங்கள், ஒரு ஃபிரிட்ஜ். ஃபிரிட்ஜின் கதவில் வெள்ளி நிறத்தில் ஒரு பெயர் ஒட்டியிருந்தது. ஹிமோரா.

அந்த வீட்டில் தன்னைவிடப் பெரிய ஆள் இல்லை என்று பெயர் நினைத்துக்கொண்டிருந்தது. நினைக்கக் காரணமும் இருந்தது. மற்றதையெல்லாம் மரகதம் வாளி என்பாள், கட்டில் என்பாள். ஃபிரிட்ஜை மட்டும் ஃபிரிட்ஜ் என்று அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை. மீன்காரியிடம், "மீதிய இமோராவுல வெச்சுக்கறேன்" என்பாள். பக்கத்து வீட்டுக்காரியிடம், "தயிரு வேணுமா? இமோராவுல இருக்கு, எடுத்துக்க" என்பாள். முதல் எழுத்து அவள் வாயில் விழவே விழாது. அந்த ஒரு குறையைத் தவிர பெயருக்கு அவள்மேல் வேறு மனத்தாங்கல் இல்லை.

"அவளுக்கு என்மேல் அவ்வளவு ஆசை" என்று ஒருநாள் வாளியிடம் சொன்னது பெயர்.

"உன்மேலயா?" என்றது வாளி.

மூன்றாம் நாள் விடிந்தபோது தண்ணீர் கட்டிலைத் தொட்டது. மரகதம் ரேஷன் கார்டையும் ஆதாரையும் மகளின் கல்யாண போட்டோவையும் ஒரு கவரில் சுற்றி வாளியில் போட்டாள். வாளியைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஃபிரிட்ஜ் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தது.

"நீ கிளம்பு" என்றது ஃபிரிட்ஜ், பெயரிடம். "நான் இரும்பு. தண்ணி உள்ளே புகுந்தால் அடியில்தான் போவேன். உனக்குத்தான் கனமே கிடையாதே."

பெயர் யோசிக்கவில்லை. தாவி மரகதத்தின் நாக்கில் ஏறிக்கொண்டது.

பெரிய கல்யாண மண்டபம் ஒன்றைத் திறந்துவிட்டிருந்தார்கள். கன்னியம்மன் தெரு முழுக்க அங்கே வந்து சேர்ந்தது. மதியத்துக்குள் மேட்டுப் பக்கத்து அடுக்குமாடியின் தரைத்தள வீடுகளிலிருந்தும் படகில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். எல்லோரும் ஒரே சமுக்காளத்தில் உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி பேப்பர் தட்டில் தக்காளி சாதம் வந்தது. உடம்பெல்லாம் ஒரே சேறு. யார் எந்தத் தெரு என்று பார்த்துச் சொல்ல முடியவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் பேச்சு ஆரம்பித்தது.

"எங்க வீட்ல லுமாரா டிவி. சுவத்துல மாட்டுறது. அப்படியே போச்சு."

"நம்மளது டெர்வின் வாஷிங் மெஷின். துணியப் போட்டா போதும், அதுவே எல்லாம் பார்த்துக்கும்."

"எங்க இமோரா பாவம், மல்லாக்கக் கெடந்துச்சு" என்றாள் மரகதம்.

பொருளெல்லாம் தண்ணீருக்கடியில் கிடந்தது. பெயர்கள் மட்டும் ஈரம் படாமல் வந்துவிட்டன. ஒவ்வொன்றாக நாக்கிலிருந்து இறங்கி, மணமக்கள் உட்காரும் மேடையில் போய் வரிசையாக அமர்ந்தன. சிவப்பு வெல்வெட் நாற்காலியை லுமாரா பிடித்துக்கொண்டது.

"பார்த்தீர்களா, இந்த நிலைமையிலும் நம்மைத்தான் சொல்கிறார்கள்" என்றது லுமாரா. "தரம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?"

"தரமெல்லாம் இல்லை" என்றது டெர்வின். "பக்கத்தில் இருப்பவள் வயிறு எரியவேண்டும். அதற்குத்தான் நாம்."

இன்னொரு மூலையிலிருந்து ஒரு கைக்கடிகாரத்தின் பெயர் சொன்னது: "என் ஆள் என்னைச் சொன்னதும் எதிரில் இருப்பவர்கள் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை. என்ன வேலை, எவ்வளவு படிப்பு, ஒன்றும் கேட்பதில்லை. அது அவருக்கு நிம்மதியாக இருக்கிறது."

ஹிமோராவுக்கு இந்தப் பதில்களில் எதுவும் பிடிக்கவில்லை. தன் ஆள் அப்படிப்பட்டவள் இல்லை என்று நினைத்தது. அப்போது கீழே பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஹிமோராவா? எங்க வீட்லயும் ஹிமோராதான். டபுள் டோர்."

முதல் எழுத்து முழுசாக விழுந்திருந்தது. பெயருக்குப் புல்லரித்தது. மேடையிலிருந்து எட்டிப் பார்த்தது. சொன்னவள் வசுந்தரா. அறுபது வயதிருக்கும். அடுக்குமாடியில் முதல் வீட்டுக்காரி. பட்டுக்கரைப் புடவை முழங்கால்வரை நனைந்து சுருட்டிக்கொண்டிருந்தது. அவளுடைய மகனும் மருமகளும் வேறு நாட்டில் இருந்தார்கள். படகில் தனியாகத்தான் வந்திருந்தாள்.

மரகதம் திரும்பினாள். அவள் முகம் மாறிவிட்டது.

"மேடம்..."

"அட, நீயா!" என்றாள் வசுந்தரா. "நல்லா இருக்கியாம்மா? நீ ஹிமோராவா வெச்சிருக்கே?"

"ஆமா மேடம். இமோராதான்."

"ஹி... ஹிமோரா" என்று திருத்தினாள் வசுந்தரா, சிரித்துக்கொண்டே.

மரகதம் சிரிக்கவில்லை. எழுந்து தண்ணீர் டிரம் இருக்கும் பக்கம் போய்விட்டாள். பெயருக்கு ஒன்றும் புரியவில்லை. சரியாகச் சொல்லிக்கொடுத்தால் சந்தோஷப்பட வேண்டியதுதானே? மேடையிலிருந்து இறங்கிப் போய், சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்த வாளியிடம் கேட்டது.

"என்ன ஆச்சு இவளுக்கு?"

"அந்த அம்மா வீட்ல ஆறு வருஷம் வேலை செஞ்சாங்க" என்றது வாளி.

"எனக்குத் தெரியாதே."

"நீ அப்புறம்தானே வந்தே. ஒரு வெயில் காலம். ஒருநாள் வீட்லருந்து பாட்டில்ல தண்ணி கொண்டுபோனாங்க. அந்த வீட்டு ஃபிரிட்ஜ் கதவுல வெச்சாங்க. பாத்திரம் தேய்ச்சு முடிச்சுட்டுக் குடிக்கலாம்னு. வந்து பார்த்தா பாட்டில் வெளியில இருந்துச்சு. பின்வாசல்ல, தரை துடைக்கிற துணிக்குப் பக்கத்துல."

"திட்டினார்களா?"

"ஒரு வார்த்தை சொல்லல. எடுத்து வெளியில வெச்சுட்டுக் கதவ சாத்திட்டாங்க, அவ்வளவுதான். மூடின கதவுல நீ இருந்தே. அதாவது, உன்ன மாதிரியே இன்னொரு இமோரா."

பெயர் வாளியின் பக்கம் நகர்ந்து வந்தது.

"அன்னிக்குச் சாயந்திரம் வீட்டுக்கு வந்து அழல, சாப்பிடல. என்மேல உக்காந்துக்கிட்டு ரொம்ப நேரம் சுவத்தைப் பார்த்தாங்க. மறுநாள்லருந்து அந்த வீட்டுக்குப் போகல. ரெண்டு வருஷம் கழிச்சுக் கடைக்குப் போனாங்களாம். கடைக்காரர் வேற நாலஞ்சு காட்டினாராம். இதவிடப் பெருசு, இதவிடக் கரண்டு கம்மின்னு. இவங்க எதையும் பார்க்கல. இமோராதான் வேணும்னு நின்னாங்களாம். உன்னைக் கொண்டாந்து எறக்கின அன்னிக்கு உள்ள மொதல்ல என்ன வெச்சாங்க தெரியுமா?"

பெயருக்குத் தெரியும். அது அப்போது அங்கே இருந்தது. ஒரே ஒரு தண்ணீர் பாட்டில். காய்கறி இல்லை, பால் இல்லை. வெறும் பாட்டிலை வைத்துவிட்டு மரகதம் கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். புதுப் பொருள் வந்த பெருமை என்றுதான் பெயர் அன்றைக்கு நினைத்திருந்தது.

"அப்படியானால் மீன்காரியிடம் அவள் சொன்னது..."

"உன்னையா சொன்னாங்க?" என்றது வாளி. "என் பாட்டில இனிமே யாரும் வெளியில எடுத்து வைக்க முடியாதுன்னு சொன்னாங்க. அதுக்கு ஒரு சொல்லு வேணும்ல. நீ கெடச்சே."

பெயர் மேடைக்குத் திரும்பிப் போகவில்லை. வாளியின் நிழலிலேயே உட்கார்ந்துவிட்டது.

மறுநாள் காலையில் சாப்பாடு வரத் தாமதமானது. லாரி எங்கோ தண்ணீரில் நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். பத்து மணி இருக்கும். வசுந்தரா வழக்கம்போல் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். மாத்திரைப் பையை மட்டும் அவள் வீட்டிலிருந்து மறக்காமல் எடுத்து வந்திருந்தாள். பக்கத்திலிருந்த பெண்ணிடம் தன் சமையலறையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஓவனின் பெயர், மிக்ஸியின் பெயர், மகன் அனுப்பிய காப்பி மெஷினின் பெயர் என்று வரிசையாகப் பெயர்கள் வந்துகொண்டிருந்தன. நடுவில் ஒரு பெயர் பாதியில் நின்றது. அவள் நெற்றி முழுக்க வியர்த்திருந்தது. கை நடுங்கியது. அப்படியே பக்கவாட்டில் சரிந்தாள்.

கேட்டுக்கொண்டிருந்த பெண் பயந்து எழுந்துகொண்டாள். "யாராச்சும் வாங்களேன்!"

மரகதம் எதிர்ச்சுவரோரம் இருந்தாள். ஒரு கணம் அவள் அசையவில்லை. வாளி அதைப் பார்த்தது. பெயரும் பார்த்தது. அந்த ஒரு கணத்தில் அவள் மனதில் என்ன ஓடியது என்று இரண்டுக்கும் தெரியாது. பிறகு அவள் ஓடினாள்.

"சர்க்கர எறங்கிடுச்சு. யார்கிட்டயாவது சீனி இருக்கா? டீக்கடைக்காரரே!"

மண்டப வாசலில் டீ போட்டுக்கொண்டிருந்தவர் சர்க்கரை டப்பாவோடு வந்தார். மரகதம் ஒரு டம்ளரில் கரைத்து, வசுந்தராவின் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். "முழுங்குங்க மேடம். ஆங்... அப்படித்தான். இன்னொரு வாய்." வசுந்தராவின் கண் திறந்தது. நாக்கு இன்னும் குழறியது. நாலு பேர் கை கொடுக்க, மரகதம் அவளைத் தூக்கி நிறுத்தி, மண்டபத்தின் சாப்பாட்டு அறையில் போட்டிருந்த மருத்துவ முகாமுக்கு நடத்திக்கொண்டு போனாள். பெயரும் அவள் நாக்கில் தொற்றிக்கொண்டது.

நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தாள். "நல்லவேளை, சீக்கிரம் கொடுத்திருக்கீங்க. இன்னும் ஒரு மணி நேரம் இங்கயே படுக்கட்டும்." சீட்டை எடுத்தாள். "அம்மா, உங்க பேரு?"

"வசுந்தரா."

"கூட யார் இருக்காங்க?"

"இவதான். எனக்கு நல்லாத் தெரிஞ்சவ. எங்க வீட்ல ஆறு வருஷம் இருந்தா."

"சரி. அவங்க பேரு சொல்லுங்க, எழுதிக்கறேன்."

வசுந்தரா மரகதத்தைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். எதுவும் வரவில்லை.

மயக்கத்தில்தான் மறந்துவிட்டாள் என்று நர்ஸ் நினைத்தாள். "பரவால்லம்மா, நிதானமா யோசிங்க."

வசுந்தரா யோசித்தாள். ஆறு வருஷம். காலை ஏழரைக்குக் காலிங் பெல் அடிக்கும். 'ஏம்மா' என்று கூப்பிடுவாள். மகனிடம் போனில் பேசும்போது 'வேலைக்காரம்மா' என்பாள். வராத நாளில், 'இன்னிக்கு அவ மட்டம் போட்டுட்டா' என்பாள். அந்த வீட்டில் ஆணியில் மாட்டியிருந்த குடைக்குக்கூட ஒரு பெயர் இருந்தது. அதை அவள் தடுமாறாமல் சொல்லியிருப்பாள். இது மயக்கத்தில் மறந்த பெயர் இல்லை. கேட்டே வைக்காத பெயர். அது தெரிந்ததும் அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். கன்னம் நடுங்கியது. இப்போது சர்க்கரை சரியாகத்தான் இருந்தது.

மரகதத்தின் நாக்கு நுனியில் ஹிமோரா தயாராக நின்றது. இவ்வளவு நாள் இந்த மாதிரி சமயத்துக்குத்தானே அது வைக்கப்பட்டிருந்தது? சொல்லட்டும், 'நானும் உங்களைப்போலத்தான்' என்று என்னைக் காட்டி ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று காத்திருந்தது.

"மரகதம்" என்றாள் அவள், நர்ஸிடம். "எழுதிக்கங்க. ம, ர, க, த, ம்."

சத்தம் போடாமல்தான் சொன்னாள். ஆனால் அந்த நாக்கில் ஹிமோராவுக்கு நிற்க இடமில்லாமல் போனது. தடுமாறி உள்ளே விழுந்தது. விழுந்தபோது அதற்கு வலிக்கவில்லை.

"மரகதம்" என்று சொல்லிப் பார்த்தாள் வசுந்தரா. ஒவ்வொரு எழுத்தும் சரியாக விழுகிறதா என்று பார்ப்பதுபோல மெதுவாகச் சொன்னாள். "தண்ணி... அன்னிக்கு அந்தத் தண்ணி பாட்டில்..."

"படுங்க மேடம்" என்றாள் மரகதம். "பேசாம படுங்க." மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. மன்னித்தாளா என்றும் தெரியவில்லை. ஒரு மணி நேரம் அவள் பக்கத்திலேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

மண்டபத்துக்கு வந்த மூன்றாம் நாள் தண்ணீர் வடியத் தொடங்கியது. வீடு திரும்ப மண்டப வாசலில் எல்லோரும் வண்டிக்காகக் காத்திருந்தார்கள். பக்கத்து ஊரிலிருந்து அன்றைக்குத்தான் கொண்டுவரப்பட்ட ஒருத்தி ஈரப் புடவையோடு மரகதத்தின் பக்கத்தில் வந்து நின்றாள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"உங்க வீட்ல என்னக்கா போச்சு?" என்று கேட்டாள்.

"ஒரு ஃபிரிட்ஜு" என்றாள் மரகதம். "கட்டிலு கொஞ்சம் தேறும்."

"எங்களது பெருசுக்கா. வோல்மேரா. கம்பெனி அயிட்டம். தெருவுலயே எங்ககிட்ட மட்டும்தான் வோல்மேரா இருந்துச்சு." சொல்லச் சொல்ல அவள் முதுகு நிமிர்ந்தது. இன்னொரு தடவையும் சொன்னாள். "வோல்மேரா."

மரகதம் முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு அவள் கையைப் பிடித்துத் தன் பக்கம் நகர்த்தி, நிழலில் நிற்க இடம் கொடுத்தாள்.

"உன் பேரு என்னம்மா?" என்று கேட்டாள்.