வருஷத்துக்கு ஒருமுறை குளித்த கார்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் அல்ல, சமீபத்தில்தான், கோயம்புத்தூரில் ஒரு வீட்டின் பின்புறம் தகரக் கூரை போட்ட ஷெட் ஒன்று இருந்தது. அதில் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் பதினோரு வருஷமாக நின்றுகொண்டிருந்தது. இரண்டே பேர் உட்காரலாம். மேற்கூரை கிடையாது. அறுபதுகளில் சீமையில் செய்தது. ஓடிய காலத்தில் ஊட்டி மலைப்பாதையில் அது வளைகிற அழகைப் பார்த்து பஸ் டிரைவர்களே பொறாமைப்படுவார்களாம். இதைச் சொல்வது கார்தான். வேறு சாட்சி இல்லை.

ஷெட்டில் அதற்கு மூன்று பேர் துணை. மேலே போர்த்திய நீலத் தார்ப்பாய். பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர். வீட்டின் அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், டியூஷன் பிள்ளைகள் எல்லாம் அதன் முதுகில்தான். மூன்றாவது ஆள் துரு. அது எந்த மூலையில் இருக்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. சத்தமே போடாது. ஆனால் அதன் வேலைக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

இவர்கள் பேசுவது மனிதர் காதில் விழாது. மனிதர் பேசுவது எல்லாம் இவர்கள் காதில் விழும். பாவம்.

வீட்டுக்காரர் சாந்தலிங்கத்துக்கு அந்தக் காரின் மேல் உயிர். சரிபண்ணி ஓட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. விற்றுவிட்டு இடத்தைக் காலி பண்ணுங்கள் என்பது அவர் மனைவி மரகதத்தின் கட்சி. பதினோரு வருஷமாக இரண்டும் நடக்கவில்லை. சரிபண்ண வருகிற மெக்கானிக்கிடம், "சித்திரை வெயில் போகட்டும்ங்க" என்பார். வாங்க வருகிறவரிடம், "வூட்ல கலந்து சொல்றேனுங்க" என்பார். வீட்டுக்குள் வந்தால் பேப்பரை விரித்துக்கொள்வார்.

ஆயுத பூஜை மட்டும் ஒரு வருஷமும் தவறாது. அன்று காலையில் தார்ப்பாயை எடுத்துவிட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் காரைக் கழுவுவார். துண்டால் துடைத்துத் துடைத்து பானெட்டில் தன் முகம் தெரிகிறதா என்று பார்ப்பார். சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். சூடம் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அதற்குள் மேகம் கறுக்கும். மழை வந்துவிடுமே என்ற பதற்றத்தில், அடியில் ஈரம் சொட்டச் சொட்டத் தார்ப்பாயை இழுத்து மூடி, நான்கு மூலையிலும் கயிறு கட்டுவார். அவ்வளவுதான். இனி அடுத்த வருஷம்.

அந்த வருஷம் பூஜைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. மார்க்கெட்டுக்குப் போன ஸ்கூட்டர் திரும்பி வந்து, சூடு ஆறாமல் நின்றது.

"என்ன மகாராணி, குளியலுக்கு ரெடியா?" என்றது.

"கிண்டல் பண்ணாதே. அவர் என்னை மறக்கலை. இந்த வருஷம் எப்படியும் வேலையை ஆரம்பிச்சிருவார்" என்றது கார்.

"போன வருஷமும் இதே பாட்டுத்தான். எனக்கு வச்ச பழம் அடுத்த நிமிஷமே நசுங்கிப்போச்சு. உனக்கு வச்சது நாலும் முழுசா இருந்துச்சு. மரகதம்மா எடுத்துட்டுப் போய் ஊறுகாய் போட்டாங்க."

"அது கிடக்குது, நீ விடு கண்ணு" என்று தார்ப்பாய் காரை அணைத்துக்கொண்டது. "உன் பெயிண்ட் நேத்து அடிச்ச மாதிரி இருக்குது. எல்லாம் நான் போர்த்துன போர்த்தல்."

காருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "எனக்கு என்னமோ பண்ணுது. நின்னு நின்னு கால் மரத்துப்போச்சு. எங்கேயாவது போகணும். அதுக்காக இன்னொருத்தர்கிட்ட வித்துட்டா அசிங்கமில்லையா? வேண்டாம்னு தள்ளிவிட்ட மாதிரி. சரிபண்றதுன்னா உடம்பைப் பிரிச்சுப் போடுவாங்க. அதை நினைச்சாலும் பயமா இருக்குது."

"நீயும் அவரும் ஒரே அச்சு" என்றது ஸ்கூட்டர். "ஏதாவது ஒண்ணைச் சொல்லித் தொலையேன்!"

"அம்மணி, மன்னிக்கோணும்" என்று ஒரு மெல்லிய குரல் கதவுக்கு அடியிலிருந்து வந்தது.

மூன்றும் திடுக்கிட்டன. துரு வாயைத் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை.

"தரைத் தகட்டை முடிச்சுட்டேனுங்க. டிரைவர் பக்கத்துக் கதவு கீலும் முடிஞ்சுது. நீங்க மூச்சை இழுத்துப் புடிச்சுட்டு இருக்கறதுனாலதான் கதவு நிக்குது. அடுத்தது சேஸிஸ். இத்தனை வருஷம் சோறு போட்ட வூடு. சொல்லாம கொள்ளாம முதுகெலும்புல கை வைக்கறது மரியாதை இல்லீங்களே, அதான்."

"சேஸிஸ் போனா?" என்றது கார்.

"அப்புறம் சரிபண்றவரும் வரமாட்டார், வாங்கறவரும் வரமாட்டார். காயலான் கடைக்காரர் வருவார்."

"எத்தனை நாள்ல?"

"பசியோட கிடந்தா மூணு நாலு வருஷம் ஆகுமுங்க. ஆனா நாளான்னிக்கு விருந்தாச்சே! ஐயா குடம் குடமா ஊத்துவார். அந்த ஈரத்தை மேல போர்த்தியிருக்கற இந்தம்மா ஒரு சொட்டு வெளிய விடாம மாசக்கணக்கா எனக்குக் காப்பாத்தி வைப்பாங்க. இந்த ஒரு மழைக்காலம் போதுமுங்க. ஐயா மாதிரி என்னைக் கவனிச்சுக்கிட்ட மனுஷன் கிடையாது."

தார்ப்பாய் தன் அணைப்பைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டது.

மறுநாள் காலை, மரகதம் போன் பண்ணி வரச்சொல்லியிருந்த லூர்துசாமி வந்தார். போத்தனூரில் பழைய கார்களுக்கென்றே பட்டறை வைத்திருப்பவர். சாந்தலிங்கம் வேண்டாவெறுப்பாகத் தார்ப்பாயைக் கழற்றிச் சுவரோரம் போட்டார். லூர்துசாமி பானெட்டை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஒரு சாக்கை விரித்துப் படுத்து, டார்ச்சோடு காருக்கு அடியில் போய்விட்டார்.

"மேல பாருங்க, மேல! ஒரு கீறல் இருக்குதுங்களா?" என்றார் சாந்தலிங்கம்.

"மேல கீறல் இல்லீங்க சார்" என்று அடியிலிருந்து பதில் வந்தது. "கீழ தரையே இல்லீங்க."

வெளியே வந்து தலையில் விழுந்த தூசியைத் தட்டிக்கொண்டார். "சேஸிஸ் இன்னும் தப்பிச்சிருக்குதுங்க சார். ஒண்ணு, இன்னைக்கே வேலையை ஆரம்பிங்க. எங்க பட்டறைதான்னு இல்லை, எங்கே வேணும்னாலும் குடுங்க. இல்லைன்னா நான் வாங்கிக்கறேன். எதுன்னாலும் வண்டி பொழைச்சுக்கும்."

"நாளைக்குப் பூஜைங்க. பூஜைக்கு முந்தின நாள் லட்சுமியை வூட்டை விட்டு அனுப்பலாமுங்களா? அது முடியட்டும். அப்புறம் பார்க்கலாம்."

"லட்சுமியை யாருங்க கொல்லைப்பக்கத்து பாத்ரூமை ஒட்டி நிறுத்தி வைப்பாங்க?" என்றாள் மரகதம்.

சாந்தலிங்கம் அதைக் கேட்காதவர் மாதிரி காரைச் சுற்றி வந்தார். "இவளுக்கு இதன் அருமை தெரியாதுங்க. கதவு சாத்தற சத்தம் கேட்டிருக்கீங்களா? சீமைக் கதவு. இன்னைக்கும் டப்புன்னு சாத்தும். கேளுங்க" என்று டிரைவர் பக்கத்துக் கைப்பிடியில் கை வைத்தார்.

காருக்குப் புரிந்துவிட்டது. தம் பிடித்து நின்றால் கதவு டப்பென்று சாத்தும். மனிதருக்கு மனம் குளிரும். லூர்துசாமிக்கு ஒரு டம்ளர் காபி கொடுத்து அனுப்பிவிடுவார். நாளைக்குக் குடம் குடமாகத் தண்ணீர். விட்டுவிட்டால், கட்டிக்காத்த அழகு அத்தனையும் ஊரான் எதிரில், இந்த மனிதர் கையிலேயே போய்விடும்.

"புடிச்சுக்கோ கண்ணு! மானம் போயிரும்!" என்று சுவரோரத்திலிருந்து தார்ப்பாய் கதறியது.

"விடு! விட்டுத் தொலை!" என்று ஸ்கூட்டர் கத்தியது.

துரு தன் பாட்டுக்குக் காத்திருந்தது. அதற்கு எப்போதும் அவசரம் இல்லை.

கார் விட்டுவிட்டது.

டப்பென்ற சத்தம் வரவில்லை. கரகரவென்று என்னவோ உதிர்ந்தது. கதவு முழுசாகச் சாந்தலிங்கத்தின் கைக்கு வந்துவிட்டது. வெள்ளை வேட்டியெல்லாம் பழுப்புத் தூள். அவர் தூங்குகிற குழந்தையைத் தூக்கிவைத்திருப்பது போல அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார்.  மரகதம் உள்ளே போய் ஒரு ஸ்டூலை எடுத்து வந்து போட்டாள். அவர் உட்காரவில்லை.

"தொடைச்சுத் தொடைச்சுத்தானே வச்சிருந்தேன்" என்றார்.

"தெரியுதுங்க சார்" என்றார் லூர்துசாமி. கதவை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்.

சாந்தலிங்கம் குனிந்து காரின் திறந்த வயிற்றைப் பார்த்தார். இருக்கைக்குக் கீழே ஷெட்டின் மண்தரை தெரிந்தது. "நீங்களே வாங்கிக்கங்க. எடுத்துட்டுப் போயிருங்க. எங்கிட்ட இருந்தா நான் மறுபடி தொடைச்சுக்கிட்டேதான் இருப்பேன்" என்றார்.

"நாளைக்குப் பூஜை முடிச்சு அனுப்பட்டுமுங்களா?" என்றாள் மரகதம். கிண்டலாகக் கேட்கவில்லை. அவருக்காகத்தான் கேட்டாள்.

"வேண்டாம். இன்னைக்கே."

மதியத்துக்குள் லாரி வந்தது. வழியில் மழை வந்தால் என்ன செய்வது என்று சாந்தலிங்கம் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடினார். லூர்துசாமி கையைக் காட்டித் தடுத்தார். "நனைஞ்சா நனையட்டும்ங்க சார். காத்துல காஞ்சிரும்." மரகதத்தை ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டர் தெருமுனை வரைக்கும் பின்னாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவள் அதற்குக் கடையில் பால் வாங்குவதாகச் சாக்குச் சொன்னாள்.

போத்தனூர் ஒன்றும் சொர்க்கம் இல்லை. முதல் வாரமே சிவப்பு பெயிண்ட் மொத்தத்தையும் சுரண்டி எடுத்தார்கள். இருக்கையைப் பிடுங்கினார்கள். அரித்துப்போன தரையை வெட்டி வீசினார்கள். "வரேனுங்க அம்மணி, குறை எதுவும் வச்சுக்காதீங்க" என்று துரு தூளோடு தூளாகக் கிளம்பியது. எஞ்சின் சங்கிலியில் தொங்கியது. இனி ஓடுவோமா மாட்டோமா என்று கார் தினமும் லூர்துசாமியின் முகத்தைப் பார்த்தது. அந்த முகத்தில் கிரீஸைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

ஒருநாள் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. அதுவும் பழைய வண்டிதான். பார்த்தால் கண் கூசும் பளபளப்பு. ஏதோ சின்னச் சத்தம் கேட்கிறது என்று கொண்டுவந்திருந்தார்கள். எலும்புக்கூடாகக் கிடந்த நம் காரைப் பார்த்து அது முகத்தைச் சுளித்தது.

"அடப்பாவமே! உன்னை வச்சிருந்தவங்களுக்கு உன் மேல பாசமே இல்லையா?"

அடியில் லூர்துசாமி ஒரு போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தார். வலியில் உயிர் போனது. கார் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது:

"பாசத்துக்கு என்ன குறைச்சல்? ஸ்பேனரை எடுக்கத்தான் ஆளில்லாம இருந்துச்சு."