சிவப்புப் புள்ளி நத்தை

எங்கள் பேராசிரியர் சபேசன் வருஷத்துக்கு ஒரு நாள்தான் காட்டுக்கு வருவார். அந்த ஒரு நாளே எங்களுக்குப் போதும் போதுமென்றாகிவிடும். இந்த முறை ஓட்டில் சிவப்புப் புள்ளியோடு ஒரு நத்தையைப் பார்த்துவிட்டார்.

"புது இனம்! என் பேரை வைக்கப்போறேன்!" என்று நிருபர்களைக் கூப்பிட்டுவிட்டார்.

அங்கே தினமும் நத்தைகளை எண்ணுகிற காளீஸ்வரி மூன்று தடவை, "சார், அது வந்து..." என்றாள். கேட்டால்தானே!

"உனக்கென்ன தெரியும்? நாலு மணிக்குள்ள இதே மாதிரி இன்னும் பத்து வேணும். இல்லேன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே!"

காளீஸ்வரி தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

நாலு மணிக்கு, நிருபர்கள் முன்னால் புள்ளி வைத்த பத்து நத்தைகளையும் ஒரு நெயில் பாலிஷ் பாட்டிலையும் வைத்தாள்.

"எண்ணின நத்தையவே மறுபடி எண்ணிடக்கூடாதுன்னு நான் வைக்கிற புள்ளி சார் இது. பத்து போதுமா? பாட்டில்ல இன்னும் பாதி இருக்கு."